ஹேக்கர்னா திருடனா? ஒன்பதாங்கிளாஸ் பசங்களுக்கு இந்த வார்த்தைங்கள எப்படி விளக்குறது?

நெல்லை_பாக்கெட்:
எல்லாருக்கும் வணக்கம். பைனல் இயர் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஒன்றரை வருஷமா பக் பவுண்டி (கம்பெனி அனுமதியோட அவங்க சாஃப்ட்வேர்ல ஓட்டை கண்டுபிடிச்சு சொல்லி பரிசு வாங்குறது) பண்ணிட்டு இருக்கேன். நான் படிச்ச ஸ்கூல்ல சைபர் செக்யூரிட்டி பத்தி அரை மணி நேரம் தமிழ்ல பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. போன வாரம் ஹால் பாக்கப் போனப்போ ஒரு பையன் ஓடி வந்து "அண்ணா நீங்க ஹேக்கராமே, எங்க அக்கா இன்ஸ்டா பாஸ்வேர்ட எடுத்துத் தருவீங்களா"ன்னு கேட்டுட்டான், பக்கத்துல நின்ன டீச்சர் முகமே மாறிடுச்சு. ரொம்ப கஷ்டமா போச்சு. எங்க அம்மாவும் சொந்தக்காரங்க கேட்டா "ஏதோ கம்ப்யூட்டர் வேலை"ன்னு சொல்லி முடிச்சிருவாங்க. ஒயிட் ஹேட் (வெள்ளைத் தொப்பி, அனுமதியோட ஓட்டை தேடுறவன்), பிளாக் ஹேட் (கறுப்புத் தொப்பி, திருட்டுத்தனமா உள்ள நுழையுறவன்), ஸ்கிரிப்ட் கிட்டி, ஜீரோ டே, பிஷிங் (போலி மெசேஜ் அனுப்பி பாஸ்வேர்ட ஏமாத்தி வாங்குறது) எல்லாத்துக்கும் ஒரு ஸ்லைடுல அர்த்தம் போட்டா போதுமா, இல்ல இந்த வார்த்தைங்க எங்கருந்து வந்துச்சுன்னு ஆரம்பிக்கணுமா?

பழைய_டெர்மினல்:
தம்பி, அர்த்தம் மட்டும் போட்டா பசங்க அன்னிக்கு சாயங்காலமே மறந்துருவாங்க, கதையா சொல்லு. ஹேக்குங்கிற வார்த்தை இந்த அர்த்தத்துல வளர்ந்தது அமெரிக்காவுல எம்ஐடிங்கிற காலேஜ்ல, அதுவும் கம்ப்யூட்டர் ரூம்ல இல்ல, பொம்மை ரயில் ஓட்டுற மாணவர் கிளப்ல. டேபிளுக்கு மேல ரயில் ஓடும், அடியில டெலிபோன் ரிலேவும் வயரும் பின்னிக் கிடக்கும், அந்த அடிப்பக்கத்துல படுத்து வேலை பாத்த பசங்கதான் இவங்க. 1955 ஏப்ரல் மாச கிளப் மினிட்ஸ்ல, எலக்ட்ரிகல் சிஸ்டத்துல வேலை பாக்குறவங்களோ ஹேக் பண்றவங்களோ ஃபியூஸ் போகாம இருக்க பவர ஆஃப் பண்ணிட்டு செய்யுங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. வேலை பாக்குறது வேற ஹேக் பண்றது வேறன்னு அப்பவே ரெண்டா பிரிச்சுட்டாங்க பாரு, எனக்கு அந்த ஒரு வரி அவ்ளோ பிடிக்கும். 1959ல பீட்டர் சாம்சன்னு ஒரு மெம்பர் கிளப்புக்குள்ள புழங்குற வார்த்தைகளுக்கு அகராதியே போட்டாரு. 1961ல பிடிபி-1ங்கிற கம்ப்யூட்டர் வந்ததும் அதே பசங்க அதுல போய் உக்காந்தாங்க, அடுத்த வருஷம் ஸ்பேஸ்வார் கேம் வந்துடுச்சு. அப்போ "நல்ல ஹேக்"னா பாராட்டு. கெட்ட பேரெல்லாம் 80கள்ல பத்திரிகைக்காரங்க கட்டினது, அதனாலதான் சிஸ்டத்த உடைச்சு உள்ள போறவன தனியா கிராக்கர்னு சொல்லுங்கன்னு பழைய ஆளுங்க அப்போ கெஞ்சினாங்க. அதையும் கட்டாயம் சொல்லு.

எக்ஸ்சேஞ்ச்_மணி:
நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், எங்க பக்கத்து கதையையும் சேத்துக்கோங்க தம்பி. அமெரிக்காவுல அந்தக் காலத்துல எஸ்டிடி மாதிரி தூரத்து கால் போற டிரங்க் லைன் சும்மா கிடந்தா அதுல 2600 ஹெர்ட்ஸ் சத்தம் ஓடிட்டே இருக்கும். பேசிட்டு இருக்கும்போது அதே சத்தத்த நீங்களே லைன்ல விட்டா, அந்தப் பக்கத்து எக்ஸ்சேஞ்ச் "இவன் போன வச்சுட்டான்"னு நினைச்சுக்கும், ஆனா லைன் உங்க கையில இருக்கும், அப்புறம் புளூ பாக்ஸ்னு ஒரு சின்ன பொட்டிய வச்சு வேற நம்பர் டோன் அனுப்பி காசில்லாம பேசலாம். கேப்டன் கிரஞ்ச்னு ஒரு காலை உணவு சீரியல் டப்பாவுல குழந்தைங்களுக்குப் போட்டு குடுத்த பிளாஸ்டிக் விசில்ல அதே சத்தம் வந்துச்சு, இப்படி லைன ஏமாத்துனவங்கள்ல ஒருத்தரான ஜான் டிரேப்பருக்கு பட்டப்பேரே கேப்டன் கிரஞ்ச்தான். ஜோ எங்க்ரெசியாங்கிற கண் தெரியாத பையனுக்கு விசிலே வேண்டாம், வாயாலயே அந்த சுருதியப் பிடிப்பான். இவங்களத்தான் போன் பிரீக் (போன் கிறுக்கன்)னாங்க, பிரீக்க எஃப் போட்டு எழுதாம போன்ல வர்ற பி-எச் போட்டு எழுதுனாங்க. பிஷிங்குக்கும் எஃப் இல்லாம பி-எச் வந்தது இந்த வழியாத்தான்.

ஒண்ணு கவனிச்சீங்களா, தப்பு எங்க நடந்துச்சுன்னா, மனுஷன் பேசுற குரலும் மெஷினுக்குப் போற கட்டளையும் ஒரே கம்பில போச்சு. அதனாலதான் பின்னாடி சிக்னலுக்குன்னு தனி பாதை போட்டோம்.

ரூட்_ராணி:
மணி சார் சொன்ன கடைசி வரிய ஸ்லைடுல பெருசா போடு ப்ரோ. இன்னிக்கு வெப்சைட் டேட்டாபேஸுக்குள்ள திருட்டுக் கட்டளைய நுழைக்கிற எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனும் அதே கோளாறுதான், பேர் டைப் பண்ற கட்டத்துல யூசர் குடுத்தது டேட்டாவா கட்டளையான்னு மெஷினுக்கு பிரிக்கத் தெரியல.

டெர்மினல் அண்ணா, ஒரு விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். 1963 நவம்பர்லயே எம்ஐடி மாணவர் பத்திரிகைல, டெலிபோன் ஹேக்கருங்க லைன பிடிச்சு வச்சுக்கிறதால நிறைய போன் வசதிய குறைச்சுட்டாங்கன்னு நியூஸ் வந்திருக்கு. ஆக ரெண்டு அர்த்தமும் சின்ன வயசுலருந்தே கூடப்பிறந்ததுங்க மாதிரி சேந்தே வளந்துச்சு. கிராக்கர்னு இப்ப யாரும் சொல்றதில்ல, அந்தப் பையன் கிட்ட போய் "நான் ஹேக்கர், கிராக்கர் இல்ல"ன்னா பட்டாசுன்னுதான் நினைப்பான்.

ஜீரோ டேக்கு முதல்ல வேற அர்த்தம், திருட்டு சாஃப்ட்வேர் பகிர்ற கூட்டத்துல ரிலீஸ் ஆன அன்னிக்கே கிடைச்ச சரக்குன்னு அர்த்தம். இப்போ ஓட்டைய அடைக்க கம்பெனிக்கு ஒரு நாள் கூட டைம் இல்லாத நிலைமை. ஸ்கிரிப்ட் கிட்டிக்கு மட்டும் நேரம் எடுத்துக்கோ, ஏன்னா உன் முன்னாடி உக்காரப்போறவங்கள்ல ரெண்டு பேர் ஏற்கனவே யூடியூப் பாத்து ஏதோ ஒரு டூல இறக்கி வச்சிருப்பாங்க. அது உள்ள எப்படி ஓடுதுன்னு தெரியாம அடுத்தவன் எழுதினத வெறுமனே தட்டி விடுறவனுக்குத்தான் அந்தப் பேருன்னு சொல்லு, அவங்களுக்கு உறைக்கும்.

கோர்ட்_வாசல்:
வக்கீலா ஒரு வார்த்தை. நம்ம ஊர் 2000 ஐடி சட்டத்துல 66ஆம் பிரிவுக்கு தலைப்பே ஹேக்கிங்னுதான் இருந்துச்சு, 2008 திருத்தத்துல அத எடுத்துட்டு கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட குற்றங்கள்னு மாத்திட்டாங்க. இப்ப கேள்வி அனுமதி இருந்துச்சா இல்லையாங்கிறதுதான். தொப்பி கலர விட அனுமதிங்கிற வார்த்தைய பசங்க மனசுல பதிய வைங்க, அக்கா அக்கவுண்டா இருந்தாலும் அக்காகிட்ட கேக்கணும். அப்புறம் தமிழ்ல கொந்தர்னு எழுதுறாங்களே, எனக்கு அது பிடிக்கும், எங்க ஊர்ல கோழி கொந்துச்சும்போம், கொத்திக் கிளறி உள்ள என்ன இருக்குன்னு பாக்குறது.

நெல்லை_பாக்கெட்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, தொப்பி ஸ்லைட தூக்கிட்டேன். ரயில் டேபிள்ல ஆரம்பிச்சு விசில்ல போய், அனுமதில முடிக்கலாம்னு இருக்கேன். மணி சார், கிளாஸ்ல அந்த 2600 சத்தத்த பசங்களுக்கு கேக்க வைக்க முடியுமா, போன் ஸ்பீக்கர் போதுமா?

எக்ஸ்சேஞ்ச்_மணி:
தாராளமா போதும் தம்பி. டோன் ஜெனரேட்டர் ஆப் ஏதாவது ஒண்ணு இறக்கி 2600னு போடுங்க, கூர்மையா கீச்சுன்னு வரும், வால்யூம கொஞ்சம் கம்மியா வைங்க.