அப்பாவுக்கு அக்கலேசியா என்கிறார்கள், பலூன் வைக்கச் சம்மதிக்கலாமா?

காசிமேட்டான்:
அப்பாவுக்கு 63 வயது. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுபவர். பொங்கலுக்குப் பிறகு இட்லிகூட நெஞ்சில் நிற்கிறது. சில நேரம் தண்ணீரே எதுக்களித்து வருகிறது. எடை 9 கிலோ இறங்கிவிட்டது. பேரியம் எக்ஸ்-ரேயில் உணவுக்குழாயின் அடிப்பக்கம் பறவை அலகு போலக் கூம்பியிருக்கிறது. எண்டோஸ்கோபியில் கட்டி இல்லை, பயாப்சியிலும் ஒன்றுமில்லை. மனோமெட்ரி (உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) பார்த்துவிட்டு அக்கலேசியா, அதாவது உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வு சரியாகத் திறக்காத நோய் என்று எழுதி, அடுத்த வாரமே அந்த வால்வைப் பலூன் வைத்து விரிக்கலாம் என்கிறார்கள். புற்றுநோய் இல்லை என்று அம்மா தேங்காயே உடைத்துவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

புளியந்தோப்பு வாசி:
வீணாகப் பயப்படாதீர்கள். என் மாமாவுக்கும் இதே அக்கலேசியாதான். பலூன் வைத்தார்கள், இன்று பிரியாணி சாப்பிடுகிறார்.

தண்டையார்பேட்டை சிஸ்டர் (ஓய்வு):
மாமாவுக்கு எத்தனை வருடமாக அடைப்பு இருந்தது?

புளியந்தோப்பு வாசி:
ஐந்தாறு வருடம் இருக்கும்.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
அதைத்தான் கேட்டேன். அக்கலேசியா நிதானமாக வருகிற நோய். எண்டோஸ்கோபி அறையில் நான் பார்த்தவர்களில் பலர் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் விட்டு இறக்கியே வருடங்களை ஓட்டியவர்கள். வயது அறுபதுக்கு மேல், அடைப்பு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, எடையும் மளமளவென்று இறங்குகிறது என்றால் போலி அக்கலேசியாவாக, அதாவது அக்கலேசியா போலவே தோன்றும் வேறு நோயாக இருக்குமோ என்று பார்த்தே தீர வேண்டும். இரைப்பையின் மேல்வாயில் வரும் புற்று சில சமயம் சுவருக்குள்ளேயே படர்ந்து வால்வை இறுக்கிவிடும், நரம்பையும் கெடுக்கும். உட்புறச் சவ்வு வழவழவென்றே இருக்கும். பயாப்சி இடுக்கி கிள்ளுவது அந்தச் சவ்வைத்தான்; அடியில் இருப்பது அதில் சிக்காமல் போகலாம். பேரியமும் மனோமெட்ரியும் அசலுக்கும் போலிக்கும் ஒரே மாதிரி வந்துவிடும்.

தம்பி, ரிப்போர்ட்டில் இதைத் தேடுங்கள்: எண்டோஸ்கோபிக் குழாய் இரைப்பைக்குள் எப்படி நுழைந்தது? அசல் அக்கலேசியாவில் லேசாக அழுத்தினாலே வால்வு வழிவிடும். உள்ளே போனபின் குழாயைத் திருப்பி வளைத்து மேல்வாயைக் கீழிருந்து பார்த்தார்களா?

காசிமேட்டான்:
'சிரமத்துடன் நுழைந்தது' என்று இருக்கிறது, சிஸ்டர். திருப்பிப் பார்த்ததாக ஒரு வார்த்தை இல்லை.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:
அப்படியானால் பலூனைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். முதலில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சாய மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன், அதோடு எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் (எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியிலிருந்தே எடுக்கும் ஸ்கேன்). சுவரின் அடுக்குகளைக் காட்டுவது அதுதான். தடித்த இடத்தில் ஊசி போட்டு சதையும் எடுக்கலாம். முடிவு சுத்தமாக வந்தால் பலூன் எங்கும் ஓடிவிடாது. எடுத்த எடுப்பில் விரித்துவிட்டால், கொஞ்ச நாள் சோறு இறங்கும், அந்த நிம்மதியில் மாதங்கள் போய்விடும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே, இரைப்பை குடல் பிரிவில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோங்கள். பழைய எக்ஸ்-ரே படம், பயாப்சி ஸ்லைடு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் ரிப்போர்ட் தாளை நீட்டினால் முதலிலிருந்து தொடங்குவார்கள். அதுவரை கஞ்சி, மோர் என்று நீராகவே கொடுங்கள். சாப்பிட்டவுடன் படுக்க விடாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.