அங்கன்வாடி போதுமா, அரசுப் பள்ளியில் எல்கேஜி வேண்டுமா?

கரிசல்காட்டான்:
2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022 ஜூனில் மூடப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கினார்கள். நான் கேட்பது, எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் எல்கேஜி. கூலி வேலைக்குப் போகிறவர்கூட வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டி, பிள்ளையைத் தனியார் வேனில் ஏற்றிவிடுகிறார். மூன்று வயதில் அங்கே போன பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் அரசுப் பள்ளியைத் தேடி வருமா?

செங்காந்தள்:
பிள்ளை வராதது பள்ளியின் கவலை. எனக்குப் பிள்ளையைப் பற்றித்தான் கவலை. பேனா பிடிக்க விரல் வளையாத வயதில் நாலு கோடு நோட்டில் ஏ, பி, சி, டி எழுதவைத்து, வீட்டுப்பாடமும் கொடுப்பதுதான் நம் ஊர் எல்கேஜி. அங்கன்வாடிக்கென்று 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமே இருக்கிறது. பாட்டு, கதை, விளையாட்டு. கூடவே மத்தியானச் சோறு, முட்டை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட்டு எல்கேஜி எதற்கு?

கரிசல்காட்டான்:
மேடம், அந்த எல்கேஜி நடந்ததே அங்கன்வாடிக்குள்தான். முட்டை எங்கேயும் போய்விடவில்லை. பாடத்திட்டம் அருமைதான், ஆனால் அதை நடத்துவது யார்? எங்கள் தெரு அங்கன்வாடியில் எப்போது எட்டிப் பார்த்தாலும் டீச்சர் ரிஜிஸ்டரில்தான் குனிந்திருக்கிறார்.

பால்வாடி டீச்சர்:
குனிந்திருக்காமல் என்ன செய்வது சார்? ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், அவ்வளவுதான். உதவியாளர் சமையலைப் பார்ப்பார். எடை, உயரம் பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, வீடு வீடாகப் போவது, தடுப்பூசி நாளில் நர்சம்மாவோடு நிற்பது எல்லாம் என் தலையில். 2021-இல் இந்தக் கணக்கையெல்லாம் போனில் பதிய போஷன் டிராக்கர் செயலியும் வந்தது. நெட் கிடைக்காவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்க வேண்டியதுதான். 1975-இல் ஐசிடிஎஸ், அதாவது அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், தொடங்கிய நாளிலிருந்தே முன்பருவக் கல்வியும் எங்கள் வேலைதான். ஆனால் மேலிடத்திலிருந்து வந்தால் முதலில் கேட்பது எடைக் கணக்கைத்தான், பாட்டையோ கதையையோ இல்லை.

இதற்கு வழி தெரியாமலும் இல்லை. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் குழு தமிழ்நாட்டிலேயே 4 மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதிக்கு மட்டும் அரைநாள் வேலைக்கு இன்னொருவரைப் போட்டுப் பார்த்தது. அவருக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதம் கழித்துப் பார்த்தால் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். பழைய பணியாளருக்கு நேரம் கிடைத்ததால் ஊட்டச்சத்து வேலையும் சரியாக நடந்து, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் குறைந்தார்கள். பெயர்ப்பலகையை மாற்றவில்லை, யூனிஃபார்ம் தரவில்லை. ஓர் ஆள், அரைநாள்.

செங்காந்தள்:
அக்கா, நான் சொல்ல வந்ததும் இதுதான்.

கரிசல்காட்டான்:
இல்லை மேடம், நீங்கள் சொன்னது இருப்பதே போதும் என்று. டீச்சரம்மா சொல்வது போதாது என்று. அரைநாள் ஆளை நானும் ஏற்கிறேன். ஆனால் பெற்றோர் ஆய்வைப் படித்துவிட்டுப் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலீஷில் ரைம்ஸ் சொல்கிறதா என்று பார்க்கிறார்கள். அது தப்பென்று அவர்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி நமக்கு இல்லை, நம் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? அரைநாள் ஆளைப் போட்டு, எல்கேஜி என்றே பெயரும் வைத்துவிட்டுப் போகட்டுமே.

செங்காந்தள்:
பெயர் வைத்தால் நோட்டும் பரீட்சையும் பின்னாலேயே வரும். 2019-இல் இடைநிலை ஆசிரியர்களை எல்கேஜிக்கு அனுப்பியதும் கோர்ட்டுக்குப் போனார்கள், மறந்துவிட்டதா? அவர்கள் கற்ற பயிற்சி வேறு.

பால்வாடி டீச்சர்:
சட்டத்தையும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்துதான். அதற்குக் கீழே அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு 11-ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. அதனால்தான் இன்றைக்குத் திறக்கவும் முடிகிறது, நாளைக்கே மூடவும் முடிகிறது.

கரிசல்காட்டான்:
சரி, அந்த அரைநாள் ஆளுக்கு யார் சம்பளம் போடுவது? சமூக நலத்துறையா, பள்ளிக்கல்வித் துறையா?

பால்வாடி டீச்சர்:
யார் போட்டாலும் சரி சார், மாதாமாதம் ஒழுங்காகப் போட்டால் போதும்.