ஏசி ஹாலில் மட்டும் தேக்கு மேசை வெடிக்கிறது, ஏன்?

கேட்டவர் (கும்பகோணம்):
வணக்கம். நானும் என் கணவரும் தை மாசம் சாப்பாட்டுக் கடை திறந்தோம். முன்ஹால் சாதாரணம், உள்ஹால் ஏசி. இலைக்குக் கீழே மைக்கா இல்லாமல் மரமே இருக்கணும்னு ஆசைப்பட்டு, ரெண்டு ஹாலுக்கும் தேக்குப் பலகையை ஒட்டி மேசை செய்தோம். அகலம் இரண்டரை அடி, கனம் ஒரு அங்குலம், அடியில் இரும்புச் சட்டம். பலகை வாங்கினது ஐப்பசி மழையில்.

பங்குனியில் ஏசி ஹால் மேசை ஆறில் நாலு நடுவில் வெடிச்சிடுச்சு. ஒரு விரிசலில் பத்து ரூபாய் நாணயம் நுழையுது. அதே மரம், அதே ஆசாரி, ஆனா முன்ஹாலில் ஒண்ணுகூட வெடிக்கல. தவிர, சூடான சாம்பார் வாளி வைச்ச இடமெல்லாம் வெள்ளை வட்டம், இது ரெண்டு ஹாலிலும் இருக்கு. சரிசெய்ய முடியுமா, மொத்தமா மாத்தணுமா? கடன் வாங்கிப் போட்டது, தூக்கமே வரல.

பதில் 1:
மரத்தூளையும் பசையையும் குழைச்சு விரிசலை அடைச்சிட்டு, மேலே கண்ணாடி போட்டுடுங்க.

பதில் 2 (தச்சு வேலை, நாகர்கோவில்):
கண்ணாடி வேண்டாம் தங்கச்சி. இலைத் தண்ணி அடியில் புகுந்து காயாம நிக்கும். விரிசலையும் இப்ப அடைக்காதீங்க, மழைக்காலத்துல மரம் ஊதும்போது அடைச்சது பிதுங்கி வெளியே வரும். மேசையைச் சட்டத்தோட எப்படிப் பிடிச்சிருக்கு?

கேட்டவர்:
சட்டத்தில் வட்டத் துளை போட்டு, ரெண்டு நீள ஓரத்திலும் நாலு நாலு ஸ்குரு. நல்லா இறுக்கியிருக்கு, அண்ணே.

பதில் 2:
அங்கதான் தப்பு. மரம் நீளவாக்கில் அனேகமா அசையாது, அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். பச்சைத் தேக்கு முழுசா காயும்போது, ரேகை படுக்கையா ஓடுற பலகை அகலத்தில் நூத்துக்கு 6 பங்கு வரை சுருங்கும். ஈரம் ஒரு சதவீதம் குறைஞ்சா சுமார் 0.2 சதவீதம்னு வைங்க. மழையில் வாங்கின பலகை ஏசியில் ஒரு 4 சதவீதம் ஈரத்தை விட்டாலே, இரண்டரை அடிக்கு 6 மி.மீ. சுருங்கணும். ரெண்டு ஓரத்தையும் இரும்போட இறுக்கிட்டீங்க, அது எங்கே போகும்? நடுவில் பிளந்துடுச்சு. முன்ஹாலில் காத்து ஈரமா இருக்கு, அதனால் அங்கே தப்பிச்சுது. மரத்து மேல பழி இல்லை.

எல்லா ஸ்குருவையும் கழட்டிட்டு, மேசையை அதே ஏசி ஹாலில் ரெண்டு மூணு வாரம் விடுங்க. பிறகு விரிசலில் பசை விட்டு கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலே இழைச்சிடலாம். சட்டத்தில் ஓரத் துளைகளை அகலவாக்கில் நீட்டி, வாஷர் வைச்சு ஸ்குருவை மிதமா பிடிங்க. நடுவில் மட்டும் இறுக்கமா இருக்கட்டும். முன்ஹால் மேசைகளுக்கும் இதையே செய்யுங்க, கோடைக்காலம் இருக்கு.

அடிப்பக்கம் பாலிஷ் அடிச்சாங்களா?

கேட்டவர்:
இல்லை, வெறும் மரம்தான்.

பதில் 2:
மேலே எத்தனை கோட்டோ, கீழேயும் அத்தனை கோட். ஒரு பக்கம் மட்டும் மூடினா பலகை வளையும்.

பதில் 3 (பாலிஷ் வேலை):
வெள்ளை வட்டத்துக்கு என் சந்தேகம் அரக்கு பாலிஷ். கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைங்க. பிசுபிசுன்னு கரைஞ்சா அரக்குதான். அலமாரிக்கு அழகா இருக்கும், ஆனா சூட்டுக்கும் ஈரத்துக்கும் தாங்காது. சாப்பாட்டு மேசைக்கு ரெண்டு பாகம் கலக்குற பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் அடிங்க. பழசை முழுசா எடுத்து 120, 180, 220 நம்பர் உப்புத்தாளில் வரிசையா தேய்ச்சாதான் பிடிக்கும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தின்னர் துணியால் துடைங்க. ஒரு வாரம் காயணும், அதனால ரெண்டு ரெண்டு மேசையா எடுங்க. ஸ்பிரிட்டையும் தின்னரையும் அடுப்பு பக்கம் கொண்டுபோகக் கூடாது.

கேட்டவர்:
பஞ்சு பிசுபிசுன்னு ஒட்டிச்சு, அரக்கேதான். நேத்து ராத்திரி கடை மூடினதும் முதல் மேசையில் ஸ்குரு கழட்டினோம். கடைசி ஸ்குரு வெளியே வந்தப்ப பலகை "டக்"னு சத்தம் போட்டுச்சு. காலையில பார்த்தா, நாணயம் நுழைஞ்ச விரிசல்ல இப்ப தாள்தான் நுழையுது. அண்ணே, கை எடுத்துக் கும்பிடுறேன். நாளைக்கு மூணு மேசை.