‘வேறுபடுத்துக’ வினாவுக்கு விடை எழுதப் பழக்குவது எப்படி?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ‘தமனி, சிரை வேறுபடுத்துக’ என்று இருவகை இரத்தக் குழாய்களைப் பற்றிக் கேட்டால், என் மாணவர்கள் இடப்பக்கம் ‘தமனியின் சுவர் தடிமனானது’ என்றும், அதற்கு நேரே வலப்பக்கம் ‘சிரையில் வால்வுகள் உண்டு’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் சரிதான், ஆனால் ஒப்பீடு எங்கே? படித்துவிட்டு வந்த பிள்ளைகள் மதிப்பெண் இழப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அட்டவணையின் நடுவில் ‘எதில் வேறுபாடு?’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். சுவர், வால்வு, இரத்த அழுத்தம், இரத்தம் செல்லும் திசை என அதை முதலில் நிரப்பச் சொன்னதும் விடைகள் நேராகின. பத்தியாக எழுதச் சொன்னால்தான் பழைய கதை: தமனியைப் பற்றி ஐந்து வரி, பிறகு சிரையைப் பற்றி ஐந்து வரி. ‘மாறாக’, ‘ஆனால்’, ‘இரண்டிலும்’ போன்ற சொற்கள் வருவதே இல்லை. ஒற்றுமையையோ அடியோடு மறந்துவிடுகிறார்கள். இரண்டின் சுவரிலும் மூன்று அடுக்குகள் உண்டு என்று ஒருவர்கூட எழுதவில்லை.

அட்டவணையிலிருந்து பத்திக்கு நீங்கள் எப்படி அழைத்துச் செல்கிறீர்கள்? தமிழாசிரியர்கள் சொன்னால் இன்னும் மகிழ்வேன். வகுப்பில் பலன் தந்த பயிற்சித்தாள் இருந்தால் பகிருங்கள்.