பயம் போனதும் அருமையும் போய்விட்டது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

கம்பிக்குடை (கேள்வி):

போன வருடக் கடைசியில் என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசியால் திசு எடுத்து அனுப்பினார்கள். நான்கு நாளில் முடிவு தெரியும் என்றார்கள். நான்காம் நாள் போய் நின்றால், "இன்னொரு சோதனையும் பார்த்துவிடலாம், ஒரு வாரம் ஆகும்" என்றார்கள். ஏன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஆக மொத்தம் 11 நாட்கள்.

அந்த 11 நாட்களைப் பற்றித்தான் கேட்க வந்தேன். கல்யாணமான இந்த 13 வருடங்களில் நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. தலை வாரும்போது கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாள். பாதி வார்த்தை புரியாது. அது அவ்வளவு அழகு என்று அப்போதுதான் தெரிந்தது. எந்தக் கதையையும் முடிவிலிருந்து தொடங்கித்தான் சொல்வாள். குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்டேன். இரவு 3 மணிக்கு எழுந்து மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பேன். குளியலறை விளக்கை அணைக்காமல் வந்து படுப்பது அவள் பழக்கம், எங்கள் வீட்டின் நிரந்தரச் சண்டையே அதுதான். அந்த நாட்களில் அதற்கும் வாய் திறக்கவில்லை. கதவிடுக்கில் கசியும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

முடிவு வந்தது. ஃபைப்ரோஅடினோமா என்று பெயர். புற்றுநோய் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, 6 மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார் மருத்துவர். லிஃப்டில் இறங்கும்போது அழுதுவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். (அவர் வேறு ஏதோ நினைத்திருப்பார்.)

அப்புறம்? மூன்றே வாரம். அதே விளக்குக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். கத்தி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம், அதற்குப் பிறகு வந்த ஒருவித விலகல். அவள் கதையைத் தொடங்கினால் என் கண் போனுக்குப் போகிறது. பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால்கூடச் சரி என்று விட்டிருப்பேன். அதைவிடவும் கீழே இறங்கிவிட்டேன், அதுதான் புரியவில்லை.

அப்படியென்றால் அந்த 11 நாள் அன்பெல்லாம் பயத்தின் வேலைதானா? இழக்கப் போகிறாய் என்று யாராவது மிரட்டினால்தான் எனக்கு எதன் அருமையும் தெரியுமா? "இருப்பதற்கு நன்றி சொல்லிப் பழகுங்கள்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். 5 நாள் தாங்கியது.

கணக்குப்பிசகு:

வெட்கப்பட ஒன்றுமில்லை சகோ, மனம் அப்படித்தான் கணக்குப் போடும். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் எழுதிய கட்டுரையில் இது வருகிறது: ஒன்று கைக்கு வரும் சந்தோஷத்தைவிட, அதே அளவு கையை விட்டுப் போகும் வலி பெரிது. 1992-இல் அவர்களே போட்ட கணக்கில் ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு. பணத்தை வைத்துச் செய்த சோதனை அது, மனைவியை வைத்து அல்ல.

1990-இல் கானமனும் இன்னும் இருவரும் வெளியிட்ட இன்னொரு சோதனை. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கோப்பையைச் சும்மா கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் விற்கிறாயா என்று கேட்டால், வைத்திருப்பவர்கள் சொன்ன விலை, மற்றவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. கோப்பை அதே கோப்பைதான்.

நான் 6 வருடம் ஒரு வேலையை வெறுத்துக்கொண்டே பார்த்தேன். ஆள்குறைப்புப் பட்டியல் வரப்போகிறது என்று வதந்தி கிளம்பிய அன்று, கை உடைந்த என் நாற்காலிகூட அழகாகத் தெரிந்தது. பட்டியலில் என் பெயர் இல்லை. மறுநாளே பழைய வெறுப்பு. அந்த அழகை நம்பியிருந்தால் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன். பயம் விலையை ஏற்றும், அவ்வளவுதான். அர்த்தத்தை அதனிடம் கேட்காதீர்கள்.

அரைத்தூக்கம்:

நாற்காலிக்குச் சரி, மனிதர்களுக்கு அது பொருந்துமா என்று சந்தேகம்.

எபிக்டெட்டஸ் என்று ஒரு ஸ்டோயிக் தத்துவவாதி (எது வந்தாலும் கலங்காமல் இருக்கப் பழகச் சொன்ன பழங்கால மரபு அது), அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பிள்ளையை முத்தமிடும்போது, 'நாளை நீ இறந்துபோகலாம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள் என்பார். கேட்கவே குலை நடுங்குகிறதா? நான் அதைச் செய்து பார்த்தேன். மகனைத் தூங்க வைக்கும்போது, தொடர்ந்து 17 இரவுகள். முதல் மூன்று இரவும் தொண்டை அடைத்தது. பத்தாம் இரவெல்லாம், விதிமுறைகளைப் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்துவோமே, அந்த மாதிரி ஆகிவிட்டது. பதினேழாம் இரவு அவன் கேட்டான், "ஏம்பா என்னை டாக்டர் மாதிரியே பாக்குறீங்க?" அதோடு நிறுத்தினேன்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. எபிக்டெட்டஸ் அதைச் சொன்னது பிள்ளையை இன்னும் அதிகமாக ரசிப்பதற்காக அல்ல. போனால் உடைந்துவிடாமல் இருப்பதற்காக. பிடியைத் தளர்த்தும் பயிற்சி அது. இப்போது அதை வாழ்க்கையை ரசிக்கும் உத்தி என்று மாற்றி விற்கிறார்கள். எனக்கு வேலை செய்யாததில் ஆச்சரியமில்லை.

நீலமை:

அரைத்தூக்கம் சொன்ன 'பிடியைத் தளர்த்துவது' என்ற இடத்தில்தான் கம்பிக்குடைக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் அம்மா 4 வருடம் படுக்கையில் இருந்தார். எந்த நாளும் கடைசி நாளாக இருக்கலாம் என்ற நிலை. நான் என்ன செய்தேன் தெரியுமா, வீடியோ எடுத்தேன். தூங்குவது, மாத்திரையை விழுங்க முரண்டு பிடிப்பது, ஜன்னலைப் பார்ப்பது எல்லாம். 200-க்கு மேல் இருக்கும். ஒன்றில் அம்மா நேராகக் கேமராவைப் பார்த்து, "அதைக் கீழ வச்சிட்டு இங்க பாரு" என்கிறார். நான் வைக்கவில்லை. அதனால்தான் அந்தக் காட்சியே என்னிடம் இருக்கிறது. அவர் போனபோது எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று என்னை நானே ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

1942-இல் பாஸ்டன் நகரில் ஓர் இரவு விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். அதில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களையும், வேறு வகையில் துக்கத்தில் இருந்தவர்களையும் கவனித்து, எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் 1944-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒரு சிப்பாய் வருகிறான். போர்முனையிலிருந்து உயிரோடு வீடு திரும்புகிறான். மனைவிக்கு அவன்மேல் அன்பில்லை, உடனே விவாகரத்து வேண்டும் என்கிறாள். செத்துவிடுவான், செத்துவிடுவான் என்று பயந்து பயந்து, அவன் உயிரோடு இருக்கும்போதே முழுத் துக்கத்தையும் அவள் அனுபவித்து முடித்துவிட்டாள். ஆள் திரும்பி வந்தபோது அவனுக்கு அங்கே இடம் இல்லை.

கம்பிக்குடை, நீங்கள் அவளைப் பார்த்ததாகச் சொல்லும் 11 நாட்களும் நீங்கள் அவளை வழியனுப்பிக்கொண்டிருந்தீர்களோ என்று தோன்றுகிறது. ரயில் கிளம்பும்போது பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. ரொம்ப அழகானதுதான், பொய்யும் இல்லை. ஆனால் ரயில் கிளம்பவில்லை, அவள் பெட்டியோடு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். அசைத்த கையை என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியவில்லை. பழைய நிலைக்கும் கீழே இறங்கிவிட்டேன் என்கிறீர்களே, அது இதனால் இருக்கலாம்.

கணக்குப்பிசகு:

சிப்பாய் கதை எனக்குத் தெரியாது. கோப்பையை வைத்து அதை விளக்க முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. வழியனுப்பும்போதுதான் முகத்தை ஒழுங்காகப் பார்க்கிறோம் என்றால், பயம் கொஞ்சமாவது வேண்டும் என்றுதானே ஆகிறது?

நீலமை:

பார்த்தேன் என்று நானும்தான் நினைத்தேன். அந்த 200 வீடியோவில் ஒன்றில்கூட என் குரல் அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை.

கம்பிக்குடை:

இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

முதலில் ஒன்றை எழுதாமல் விட்டேன். எங்களுக்கு 8 வயதில் ஒரு மகள். அந்த 11 நாட்களில் நான் ரகசியமாகச் சடை பின்னக் கற்றுக்கொண்டேன். எல்லோரும் தூங்கிய பிறகு, வீடியோ பார்த்து, ஒரு துண்டை மூன்றாகக் கிழித்து நாற்காலியின் முதுகில் கட்டி. எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. முடிவு வந்த அன்று அந்தத் துணியைக் குப்பையில் போட்டேன். அதை நினைத்தாலே குற்றம் செய்த மாதிரி இருக்கும். மனைவி தலை வாரும் பக்கமே நான் திரும்பாததற்குக் காரணம் அதுதானோ என்னவோ. நீலமை, நீங்கள் சொன்னது சரி. அவள் கிளிப்பைக் கடித்துக்கொண்டு நிற்பதை ரசித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவள் இல்லாத வீட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

நேற்று இரவு அவளிடம் சொல்லிவிட்டேன். துணி, நாற்காலி, எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். எழுந்து போய்த் தன் பழைய டைரியை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தாள். அதே 11 நாட்களில் அவள் எனக்கு எழுதிவைத்த பட்டியல். 23 வரிகள். காப்பீட்டுக் காகிதம் எந்த உறையில், எந்தத் தடுப்பூசி பாக்கி, யாரிடம் கடன் வாங்கக் கூடாது. "பாப்பாவுக்கு இடது காதுக்குப் பின்னால் கூசும், அங்கே மெதுவாகச் சீவுங்கள்" என்று ஒரு வரி. அதைப் படித்ததும் இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

பத்தொன்பதாம் வரி இது: "குளியலறை விளக்கை அணைக்காதீர்கள். நடு ராத்திரியில் எழுந்தால் இருட்டில் பயப்படுகிறாள், உங்களிடம் சொல்ல வெட்கப்படுகிறாள்."

இத்தனை வருடச் சண்டையில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எங்க கேட்டீங்க, கத்தத்தானே செஞ்சீங்க" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் டைரியைப் பிடுங்கிக்கொண்டு, கடன் விவகாரத்தை முடிவிலிருந்து தொடங்கிச் சொல்ல ஆரம்பித்தாள். மணி ஒன்றாகிவிட்டது. நடுவில் இரண்டு முறை குறுக்கே பேசினேன், ஒருமுறை திட்டு வாங்கினேன்.

அடுத்த மாதம் அந்த 6 மாத ஸ்கேன். பயமாகத்தான் இருக்கிறது. இந்த முறை முடிவு வாங்கப் போகும்போது, அந்த இன்னொரு சோதனை எதற்கு என்று அவளே கேட்கப் போகிறாளாம்.