நீங்கள் நேரில் கண்ட போலீஸ் அதிகாரி: செட்டிநாட்டு அனுபவங்கள்

கானாடுகாத்தான் வாசகி:
பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டில் திருட்டு. நம் ஊர்களில் தெரிந்த கதைதான், வெண்கலப் பானையிலிருந்து பித்தளை அண்டா வரை போய்விட்டது. பயிற்சி முடித்துக் காரைக்குடி உட்கோட்டத்துக்கு வந்திருந்த இளம் ஏ.எஸ்.பி. (உதவி காவல் கண்காணிப்பாளர்) நேரில் வந்தார். ஆச்சி அழுதுகொண்டே சாமான்களைச் சொல்லச் சொல்ல, அவரே தரையில் அமர்ந்து எழுதினார். திடீரென நிமிர்ந்து, "ஆச்சி, பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கிறதா?" என்றார். ஆச்சியின் அழுகை நின்றுவிட்டது. யார் கல்யாணத்துக்கு வந்தது, என்ன எழுத்து, விளிம்பிலா அடியிலா என்று வரிசையாகச் சொன்னார். அந்த எழுத்துகளை வைத்துத்தான் பிறகு பாதிச் சாமான்கள் அகப்பட்டன. அதற்குள் அவர் எஸ்.பி.யாகி வேறு மாவட்டம் போய்விட்டார். இப்போது ஐ.ஜி. தொலைக்காட்சியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம், சாமான் கிடைத்த செய்தி அவர் காதுக்கு எட்டியதா என்று மனம் அரிக்கிறது.

தேவகோட்டைக்காரன்:
கேள்வி கேட்டவர் ஏ.எஸ்.பி. சரி. கடை கடையாக ஏறி இறங்கித் தேடியவர் யார்? என் அப்பா இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர். அவர் காலத்தில் சிறப்பு எஸ்.ஐ. ஆவதற்கே 25 ஆண்டுகள் ஆகும். சிராவயல் மஞ்சுவிரட்டு பந்தோபஸ்தில் ஒரு டி.ஐ.ஜி. அவரிடம் வந்து, "மாடு எந்தப் பக்கம் திரும்பும்?" என்று கேட்டார். அப்பா கையைக் காட்டினார். அந்த இடத்திலேயே தடுப்பை மாற்றிக் கட்டச் சொன்னார் டி.ஐ.ஜி. அப்படிக் கேட்கத் தெரிந்தவர்தான் அதிகாரி.

புதுவயல் ஆசிரியர் (ஓய்வு):
என் மாணவி ஒருத்தி எஸ்.ஐ. சீருடையில் வந்து வகுப்பறை வாசலில் சல்யூட் அடித்தாள். என் கதை அவ்வளவுதான். தேவகோட்டைத் தம்பிக்கு ஒன்று: உயரதிகாரிகள் எல்லோரும் நேரடியாக ஐ.பி.எஸ். ஆகி வந்தவர்கள் அல்லர். மாநில அரசின் குரூப்-1 தேர்வு எழுதி டி.எஸ்.பி.யாகச் சேர்ந்தவர்களும் பதவி உயர்வில் ஐ.பி.எஸ். பெறுகிறார்கள், மூன்றில் ஒரு பங்கு இடங்கள் அப்படித்தான் நிரம்புகின்றன. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: நேரடியாக ஐ.பி.எஸ். ஆக யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். தேறினால் முசோரியில் அடிப்படைப் பயிற்சி, பிறகு ஹைதராபாத் போலீஸ் அகாடமி. ஏ.எஸ்.பி.யாகத் தொடங்கி எஸ்.பி., டி.ஐ.ஜி., ஐ.ஜி., ஏ.டி.ஜி.பி. என ஏற வேண்டும். லத்திகா சரண் 1976-ஆம் ஆண்டு பேட்ச்; தமிழகத்தின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனது 2010-இல். பொறுமை வேண்டும். ஆச்சி வீட்டாருக்கும் சொல்கிறேன்: ஊருக்குப் போகுமுன் ஸ்டேஷனில் தகவல் கொடுங்கள், பெயர் வெட்டிய இடத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

திருப்பத்தூர் அக்கா:
உயரத்தை விட்டுவிட்டீர்களே, ஐயா! என் தம்பி எஸ்.ஐ. உடல் தகுதித் தேர்வில் 170 செ.மீ. இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டான். அளவுகோலின் கீழ் குதிகாலைத் தரையில் அழுத்தி நின்ற அவன் முகம் என் கண்ணிலேயே நிற்கிறது. போலீஸ் கனவையே அன்றோடு விட்டுவிட்டான். ஐ.பி.எஸ்.ஸுக்கு ஆண்களுக்கு 165 செ.மீ. போதும் என்பது அவனுக்கு 35 வயது கடந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. உங்கள் மாணவர்களிடம் இதை முதலில் சொல்லுங்கள்.