புதுப்பிப்பு: நைட்ரோவில் கடைசி வரிசைதான்!

மகாராஷ்டிராவில் கோப்போலி பக்கம் இருக்கிற இமேஜிகா தீம் பார்க்குக்குப் போறேன், நைட்ரோ ரோலர் கோஸ்டரில் முன்வரிசையா கடைசி வரிசையான்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, போயிட்டு வந்தாச்சு. ரெண்டுலயும் உட்கார்ந்து பார்த்துட்டேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி காலுக்குக் கீழே இருக்கிற தரை விலகிடும். கால் அந்தரத்துல தொங்கினதுமே பக்கத்து சீட் மராத்தி அண்ணன் "கணபதி பாப்பா மோரியா" சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

முன்வரிசையில் காட்சி பிரமாதம். ஆனா உச்சியைத் தாண்டினதும் ஒரு சின்னத் தயக்கம். பின்னாடி பெட்டிங்க இன்னும் ஏறிட்டுத்தானே இருக்கும்! கடைசி வரிசையில் அதெல்லாம் இல்லை. முன்பெட்டிங்க இறங்குற வேகம் நம்மைச் சுண்டி இழுக்கும், உடம்பு சீட்டை விட்டு எழும்பிடும். அப்புறம் 5 தடவை தலைகீழ். இறங்கின கையோட மறுபடி கியூவில் நின்னேன்.

வாட்டர் பார்க் கேட்டவங்களுக்கு: அதுக்குத் தனி டிக்கெட். நான் போகலை.